ஹெட்போனில் ஒரு பக்கம் கேட்கவில்லை, சார்ஜும் நிற்கவில்லை: "போர்டு போய்விட்டது" என்பதை நம்புவதற்கு முன்

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கருவிகளைப் பற்றி. ஒன்று, இரண்டு ஆண்டுகளாகப் பயன்படுத்தும், காதை முழுதாக மூடும் புளூடூத் ஹெட்போன். தலையைத் திருப்பினால் வலது பக்கம் விட்டு விட்டுக் கேட்கிறது; முழுக்க சார்ஜ் ஏற்றினாலும் முக்கால் மணி நேரத்தில் அணைந்துவிடுகிறது. இன்னொன்று, தங்கையின் இயர்பட். அதில் இடது பக்கம் மட்டும் சார்ஜ் ஏறுவதில்லை. கோலாலம்பூரில் ஒரு கடையில் காட்டியபோது, "போர்டு போய்விட்டது, புதுசு வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லியிருக்கிறார்கள். செந்தூலில் வீட்டிலேயே வைத்துச் சரிசெய்ய முடியுமா என்று கேட்கிறீர்கள்.

ஹெட்போனைச் சரிசெய்யலாம். இயர்பட்டைத் திறக்காமலே சரிசெய்ய நல்ல வாய்ப்பு இருக்கிறது. நீங்கள் சொல்லும் அறிகுறிகள் எதுவும் போர்டை, அதாவது உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகையைக் காட்டவில்லை. தலை அசைவுக்கு ஏற்ப வந்து போகும் கோளாறு பெரும்பாலும் கம்பியில்தான் இருக்கும். சார்ஜ் ஏறி, ஆனால் நிற்காமல் போனால் பேட்டரி. இரண்டையும் அளந்து பார்க்காமல் போர்டின்மேல் பழி போடுவது சரியான முடிவு அல்ல.

திறப்பதற்கு முன் கோளாறு எந்தப் பக்கம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். முதலில் கைப்பேசி. அமைப்புகளில் அணுகல்தன்மைப் பகுதிக்குப் போனால் இடது-வலது சமநிலைக் கோடு ஒன்று இருக்கும். அது ஒரு பக்கமாக நகர்ந்திருந்தாலும் மறு காது அமைதியாகிவிடும். அதை நடுவில் வையுங்கள். பிறகு ஹெட்போனை வேறொரு கைப்பேசியுடன் இணைத்துப் பாருங்கள். அங்கேயும் அதே கோளாறு என்றால் குற்றம் ஹெட்போனில்தான். அங்கே நன்றாக வேலை செய்தால், பழைய கைப்பேசியின் புளூடூத் பட்டியலிலிருந்து ஹெட்போனை நீக்கிவிட்டு மீண்டும் இணையுங்கள். பல சமயம் அதோடு வேலை முடிந்துவிடும்.

இரண்டு பக்கமும் சேர்ந்து விட்டு விட்டுக் கேட்பது முற்றிலும் வேறு நோய். புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓடுகிறது. பழைய வைஃபையும் அங்கேதான் இருக்கிறது. நம் உடம்பிலுள்ள தண்ணீரும் அந்த அலையை உறிஞ்சுகிறது. மஸ்ஜித் ஜாமெக் நிலையத்தில் கூட்டத்துக்கு நடுவே, கைப்பேசியைப் பின் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு நடக்கும்போது மட்டும் துண்டிக்கிறது என்றால் பழுதென்று எதுவும் இல்லை. கைப்பேசியைச் சட்டைப் பைக்கு மாற்றுங்கள். புளூடூத்தில் உயர்தர ஒலியை அனுப்பும் எல்.டி.ஏ.சி. முறையைப் பயன்படுத்தினால், விநாடிக்கு 990 கிலோபிட் நிலையிலிருந்து இணைப்புக்கு முன்னுரிமை தரும் நிலைக்கு இறக்குங்கள். வீட்டில் மடிக்கணினியோடு மட்டும் துண்டித்தால், பக்கத்தில் யூ.எஸ்.பி. 3.0 ஹார்ட் டிஸ்க் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். அதன் இரைச்சல் இதே அலைவரிசையில் விழும்.

கணினி வழிக் கூட்டத்தில் பேசும்போது பாட்டு திடீரென்று பழைய தொலைபேசி போலக் கேட்பதும் பழுது அல்ல. ஒலிவாங்கி இயங்கத் தொடங்கியதும் வழக்கமான புளூடூத் உரையாடல் முறைக்கு மாறி, ஒலியை 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதத்துக்குக் குறைத்துவிடும். மடிக்கணினியின் சொந்த ஒலிவாங்கியைத் தேர்ந்தெடுத்தால் பாட்டு பழையபடி திரும்பும்.

இனி மின்சாரம். இதற்கு ஒரு யூ.எஸ்.பி. மீட்டர் வாங்கி வையுங்கள். சார்ஜருக்கும் கேபிளுக்கும் நடுவே செருகினால் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் போகிறது என்று காட்டும் சிறு கருவி அது. ஹெட்போனைச் செருகியதும் 0.2 முதல் 0.5 ஆம்பியர் வரை காட்டி, நிரம்ப நிரம்பக் குறைந்துகொண்டே வந்தால் சார்ஜ் சுற்று நன்றாக இருக்கிறது. 0.02 முதல் 0.05 வரையிலேயே நின்றால், பேட்டரி அடிமட்டம் வரை இறங்கியிருக்கலாம். சார்ஜ் சிப் அதை மெதுவாக எழுப்பிப் பார்க்கிறது, அரை மணி நேரம் கொடுங்கள். 0.00 என்றால் கேபிள், சார்ஜ் துளை, பேட்டரி இணைப்பு என்ற வரிசையில் சந்தேகப்படுங்கள்.

இந்த 0.00க்கு இன்னொரு காரணம் உண்டு. நல்ல ஹெட்போன்கள் வீணாகக் குப்பைக்குப் போவது இதனால்தான். விலை குறைந்த சில ஹெட்போன்களில் டைப்-சி துளை இருந்தாலும், உள்ளே இருக்க வேண்டிய இரண்டு 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர்களை வைத்திருக்க மாட்டார்கள். இரு முனையும் டைப்-சி ஆன கேபிளில் செருகினால், எதிரில் ஒரு கருவி இருப்பதே சார்ஜருக்குத் தெரியாது; அதனால் மின்சாரமே விடாது. ஒரு முனை பழைய அகல யூ.எஸ்.பி. ஆக இருக்கும் கேபிளில் செருகிப் பாருங்கள். உடனே ஏறும்.

சார்ஜ் துளையில் பாக்கெட் பஞ்சு அடைந்திருப்பதும் சகஜம். மரப் பல்குச்சியால் மெல்ல எடுங்கள். ஊசி வேண்டாம்.

உங்கள் ஹெட்போனுக்கு வருவோம். திறப்பதற்கு முன் ஒரே ஒரு சோதனை. பாட்டை ஓடவிட்டு, வலது காதுக் கிண்ணம் மடங்கும் மூட்டை மட்டும் மெதுவாக அசையுங்கள். பிறகு தலைப்பட்டையை நீட்டிச் சுருக்குங்கள். இடது பக்கம் தொடர்ந்து பாட, வலது மட்டும் போய் வந்தால் ஒலிக்கம்பியில் முறிவு. முழு ஹெட்போனும் அணைந்து, பொத்தானை அழுத்தினால்தான் மறுபடி எழும் என்றால் முறிந்தது பேட்டரிக் கம்பி. பல மாடல்களில் போர்டு ஒரு கிண்ணத்திலும் பேட்டரி மறு கிண்ணத்திலும் இருக்கும். இரண்டுக்கும் இடையிலான கம்பிகள் தலைப்பட்டை வழியாகத்தான் ஓடும். மூட்டு மடங்கும் ஒவ்வொரு முறையும் அவை வளைகின்றன. இரண்டு ஆண்டில் அங்கே அறுவது எதிர்பார்க்க வேண்டியதுதான்.

தேவைப்படும் பொருள்கள் அதிகமில்லை: பிஎச்00 (மிகச் சிறிய பிலிப்ஸ் தலை) திருப்புளி, வோல்ட்டும் ஓமும் அளக்கும் மல்டிமீட்டர், வெப்பம் மாற்றக்கூடிய சால்டரிங் அயர்ன் (ஈயம் உருக்கி ஒட்டும் கருவி), 0.5 அல்லது 0.6 மி.மீ. தடிமனுள்ள 63/37 (வெள்ளீயம்/காரீயம்) ஈயக் கம்பி, ஈயம் நன்றாக ஒட்ட உதவும் ரோசின் ஃபிளக்ஸ், 30 கேஜ் சிலிகான் உறைக் கம்பி, வெப்பம் தாங்கும் மஞ்சள் டேப், 99 விழுக்காடு ஐசோபுரோபைல் ஆல்கஹால். கோலாலம்பூரில் இவற்றை ஒரே நடையில் வாங்க புடு வட்டாரத்து ஜாலான் பாசார் மின்னணுக் கடைகள் போதும். கைப்பேசித் துணைப்பொருள்களுக்கு லோயாட் பிளாசா, பினாங்கில் இருப்பவர்களுக்கு கொம்தாரை ஒட்டிய பிராங்கின் மால். மருந்தகத்தில் கிடைக்கும் 70 விழுக்காடு ஆல்கஹாலில் தண்ணீர் கலந்திருக்கிறது. வெளித் தொடுமுனைகளைத் துடைக்க அது போதும், போர்டின்மேல் வேண்டாம்.

காது மெத்தையின் விளிம்பு ஒரு பள்ளத்தில் செருகியிருக்கும். சிலவற்றை இழுத்தால் வரும், சிலவற்றைத் திருக வேண்டும், சிலது ஒட்டியிருக்கும். விரல் நகத்தால் சுற்றிலும் தளர்த்திக்கொண்டே வாருங்கள். அடியில் பெரும்பாலும் நான்கு திருகுகள் இருக்கும்; ஒன்று ஸ்டிக்கருக்குக் கீழே ஒளிந்திருக்கலாம். நீளம் வேறுபடும் என்பதால் எது எங்கே இருந்தது என்று படம் எடுத்து வையுங்கள். நீளத் திருகைக் குட்டைத் துளையில் முறுக்கினால் அது பேட்டரியையே குத்தக்கூடும். கிண்ணத்தைப் பிளக்க உலோகம் வேண்டாம். காலாவதியான டச் அண்ட் கோ பயணக் கட்டண அட்டை சரியான தடிமனில் இருக்கிறது. திறந்ததும் சட்டென்று இரண்டு பாதியையும் விலக்காதீர்கள். உள்ளே கம்பிகள் குட்டையாக இருக்கும்.

முதல் வேலை பேட்டரி இணைப்பைக் கழற்றுவது. அதற்குப் பிறகுதான் மற்ற எல்லாம்.

மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து வலது ஸ்பீக்கரின் இரு முனைகளையும் தொடுங்கள். 16 அல்லது 32 ஓம் என்று குறிப்பிடப்பட்ட ஸ்பீக்கர் அதற்குச் சற்றுக் குறைவாகக் காட்டும். முனையைத் தொடும்போது மெல்லிய "டக்" ஒலியும் கேட்கும். அப்படியானால் ஸ்பீக்கர் உயிரோடு இருக்கிறது. எண்ணே வராவிட்டால் உள்ளே சுருள் அறுந்துவிட்டது, ஸ்பீக்கரையே மாற்ற வேண்டும். ஸ்பீக்கர் நன்றாக இருந்தால், போர்டில் கம்பி தொடங்கும் இடத்தில் ஒரு முனையும் ஸ்பீக்கரில் முடியும் இடத்தில் மறு முனையும் வைத்து, மூட்டை மடக்கி நீட்டிக்கொண்டே தொடர்ச்சியை, அதாவது கம்பி அறாமல் இருக்கிறதா என்பதைப் பாருங்கள். எண் துள்ளினால் அந்தக் கம்பிதான்.

புதுக் கம்பியைப் பழையதன் நுனியில் கட்டி, மறுபக்கம் பழையதை இழுத்தால் புதியது தானே தலைப்பட்டைக்குள் நுழைந்துவிடும். பசை போட்டு ஒட்டியிருந்தால் இழுக்க வராது. தலைப்பட்டையின் மேலுறையைத் திறந்துதான் ஆக வேண்டும். நீளத்தை அளக்கும்போது தலைப்பட்டையை அதிகபட்சம் நீட்டி, மூட்டை முழுதாக மடக்கி அளந்து, மேலும் 2 செ.மீ. விடுங்கள். இந்தத் தளர்வை மூட்டுக்கு அருகில் ஒரு சிறு வளையமாக விட வேண்டும். இதைச் செய்யாமல் இறுக்கமாகப் பூட்டினால், சில மாதத்தில் அதே இடத்தில் மறுபடி அறும். பழுது பார்த்த ஹெட்போன் திரும்பக் கெடுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை.

பழைய கம்பியையே ஒட்டுவதாக இருந்தால் கவனம். முடி போன்ற, சிவப்பும் பச்சையும் நீலமுமாக இருக்கும் அந்த இழைகளின் நிறமே அவற்றின் உறை. எனாமல் பூச்சு அது. அப்படியே ஈயம் வைத்தால் ஒட்டாது. அயர்னை 380 முதல் 400 பாகை செல்சியஸில் வைத்து, நுனியில் ஒரு துளி புது ஈயத்தை உருக்கி, இழையை அதற்குள் மூன்று நான்கு விநாடி வையுங்கள். பூச்சு எரிந்து வெள்ளி நிறம் ஏறும். ஸ்பீக்கர் முனையில் வைக்கும்போது மட்டும் 320 பாகைக்கு இறக்கி, 2 விநாடிக்குள் எடுத்துவிடுங்கள். அங்கே பிளாஸ்டிக் உருகினால் சுருளின் நுண்ணிய இழை பிய்ந்துவிடும், அதைத் திரும்ப ஒட்டுவது மிகக் கடினம். ஸ்பீக்கரின் காந்தம் அயர்ன் நுனியையும் இரும்பு இடுக்கியையும் தன் பக்கம் இழுக்கும். கை சற்றே தளர்ந்தாலும் ஒலித்தாளைக் குத்திவிடும். கையை மேசையில் ஊன்றிக்கொண்டு, கம்பியைப் பிடிக்க மரக் குச்சியைப் பயன்படுத்துங்கள்.

இனி பேட்டரி. சார்ஜ் நிரப்பி ஒரு மணி நேரம் ஓய்வு கொடுத்து அளந்தால் 4.15 முதல் 4.20 வோல்ட் இருக்க வேண்டும். பிறகு இணைத்து, நடுத்தர ஒலியில் 10 நிமிடம் பாடவிட்டு அளந்து பாருங்கள். நல்ல பேட்டரி 4 வோல்ட்டுக்கு மேலேயே நிற்கும். 3.6க்குக் கீழே சரிந்தால் அதன் ஆயுள் முடிந்தது. முக்கால் மணி நேரத்தில் அணைகிறது என்று நீங்கள் சொல்வதற்கு இதுதான் காரணமாக இருக்கும். மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்து 2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிய பேட்டரியை வெளி மின்சாரம் கொடுத்து எழுப்பும் காணொலிகள் நிறைய இருக்கின்றன. செய்யாதீர்கள். அந்த அளவுக்கு இறங்கிய லித்தியம் பேட்டரியில் செம்புத் தகடு கரைந்து, பின்னர் உள்ளுக்குள்ளேயே குறுக்குத் தொடர்பு (ஷார்ட் சர்க்கியூட்) உண்டாகும். இது தலையில் மாட்டிக்கொள்ளும் பொருள்.

மாற்றுப் பேட்டரி வாங்கும்போது உறையில் அச்சிட்ட எண்ணைப் பாருங்கள். 602535 என்றால் 6.0 மி.மீ. தடிமன், 25 மி.மீ. அகலம், 35 மி.மீ. நீளம். அதே அளவு, அல்லது அரை மி.மீ. மெல்லியது வாங்கலாம், தடித்தது கூடாது. லித்தியம் பேட்டரி வயதாக ஆகச் சற்று உப்பும், அதற்கு இடம் வேண்டும். கொள்ளளவைப் பற்றிய விளம்பரத்தை நம்ப வேண்டாம். 602535 அளவுக்கு நேர்மையான எண் 500 மில்லி ஆம்பியர்-மணி சுற்றித்தான். அதே அளவில் 1,000 என்று போட்டு ஷோப்பியிலோ லஸாடாவிலோ ஒருவர் விற்றால், அந்தக் கடையைக் கடந்து போங்கள்.

கம்பி எத்தனை என்றும் எண்ணுங்கள். இரண்டு என்றால் எளிது. மூன்று என்றால் மூன்றாவது வெப்ப உணரியின் கம்பி. பெரும்பாலும் 25 பாகையில் 10 கிலோ ஓம் காட்டும் தெர்மிஸ்டர். நம் ஊர் அறை வெப்பத்தில் 8 கிலோ ஓம் அருகில் காட்டினால் நன்றாக இருக்கிறது என்று பொருள். புதிய பேட்டரியில் இரண்டே கம்பி இருந்தால், பழையதிலிருந்து தெர்மிஸ்டரை எடுத்துப் புதியதன் உடலோடு டேப் போட்டு ஒட்டுங்கள். 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டுச் சிப்பை ஏமாற்றலாம் என்று சொல்வார்கள். ஹெட்போன் வேலை செய்யும், ஆனால் பேட்டரி சூடேறினால் சார்ஜை நிறுத்த ஆள் இருக்காது.

செருகி ஒரே மாதிரி இருந்தாலும் சிவப்பும் கறுப்பும் இடம் மாறியிருக்கலாம். அதற்குப் பொதுத் தரம் இல்லை. செருகுவதற்கு முன் மல்டிமீட்டரால் நேர்முனையை உறுதிசெய்யுங்கள். ஒரு விநாடி தலைகீழாகத் தொட்டாலே சார்ஜ் சிப் போய்விடும், அப்போதுதான் போர்டு உண்மையில் பழுதாகும். கம்பியை வெட்டி ஒட்டுவதானால், ஒரு நேரத்தில் ஒரே கம்பி. இரண்டையும் சேர்த்து வெட்டினால் கத்தரியே குறுக்குத் தொடர்பாகிவிடும்.

மூடுவதற்கு முன் கிண்ணங்களைத் திருகாமல் வைத்து, இரு பக்கமும் பாடுகிறதா, சார்ஜ் ஏறுகிறதா, ஒலிவாங்கி எடுக்கிறதா என்று பாருங்கள். இடது-வலது கம்பி இடம் மாறவில்லை என்றும் கேட்டு உறுதிசெய்யுங்கள். ஒலியில் அடிக்குரல் மெலிந்து, இரைச்சல் தடுப்பு முன்போல் இல்லை என்றால் காது மெத்தை சரியாக உட்காரவில்லை, காற்று கசிகிறது. உங்கள் மெத்தையின் தோல் இரண்டு ஆண்டில் உரிந்துபோயிருந்தாலும் வியப்பில்லை. அது பாலியூரித்தேன். ஆண்டு முழுதும் 80 விழுக்காட்டை ஒட்டிய நம் ஈரப்பதத்திலும் வியர்வையிலும் தானாகவே சிதையும். மாடலுக்கு ஏற்ற மெத்தை வாங்கி மாற்றுங்கள்; தடிமன் மாறினால் ஒலியும் மாறும்.

தங்கையின் இயர்பட்டில் முதலில் தொடுமுனைகளைப் பாருங்கள். ஜிம்மிலிருந்து வந்து, வியர்வை உலராமலே சார்ஜ் பெட்டிக்குள் போட்டு மூடுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் சேதம். ஈரமான முனைகளுக்கு இடையே மின்சாரம் ஓடும்போது நேர்முனையின் உலோகம் கரைகிறது. அதனால்தான் ஒரு முனை மட்டும் பச்சையாகவோ கறுப்பாகவோ இருக்கும். ஆல்கஹால் நனைத்த பஞ்சுக் குச்சியால் இயர்பட்டின் முனைகளையும் பெட்டிக்குள் இருக்கும் ஸ்பிரிங் முனைகளையும் தேயுங்கள். ஸ்பிரிங் முனையைப் பல்குச்சியால் அழுத்தினால் உடனே திரும்ப மேலே வர வேண்டும். மாட்டிக்கொண்டால் ஒரு சொட்டு ஆல்கஹால் விட்டுப் பல முறை அழுத்தி எடுங்கள். வெளியில் வாங்கிய தடித்த காது ரப்பர் மாட்டியிருந்தால், அதனாலேயே பட் முழுதாக உட்காராமல் இருக்கும். அதைக் கழற்றியும் பாருங்கள். பெட்டி முனையில் மல்டிமீட்டர் வைத்து 0 வோல்ட் வந்தால் பெட்டி பழுது என்று முடிவு கட்ட வேண்டாம். பட் உட்கார்ந்தால்தான் மின்சாரம் விடும் பெட்டிகள் நிறைய.

சுத்தம் செய்தபின் சில மணி நேரம் பெட்டியிலேயே விட்டு, பின் இரண்டு இயர்பட்டையும் ஒன்றாக மறுதொடக்கம் செய்யுங்கள். முறை மாடலுக்கு மாடல் வேறு. பின்புறப் பொத்தான் உள்ள ஏர்பாட்ஸ் என்றால் மூடியைத் திறந்துவைத்து, அந்தப் பொத்தானை விளக்கு முதலில் ஆம்பர் (ஆரஞ்சு கலந்த மஞ்சள்), பிறகு வெள்ளை என்று மின்னும்வரை சுமார் 15 விநாடி அழுத்த வேண்டும். ஒலி மட்டும் குறைந்திருந்தால் காதழுக்குதான். பட்டின் வலை கீழே பார்க்கும்படி பிடித்து, உலர்ந்த மென்மையான பல்துலக்கியால் தட்டுங்கள். வலையில் ஆல்கஹால் விட்டால் கரைந்த அழுக்கு உள்ளே போய் ஸ்பீக்கரில் உட்காரும்.

இதெல்லாம் செய்தும் ஏறவில்லை என்றால் பட்டுக்குள் இருக்கும் காசு வடிவ லித்தியம் பேட்டரி போயிருக்கும். பல மாடல்களில் அது 1254, அதாவது 12 மி.மீ. விட்டம், 5.4 மி.மீ. உயரம். முதல் முறை சால்டரிங் பிடிக்கும் கை இதில் இறங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. உறை பசையால் ஒட்டப்பட்டது. திறந்தால் நீர்த்தடுப்பு போய்விடும். அந்தப் பேட்டரியின்மேல் நேரடியாக ஈயம் வைத்தால் சூட்டில் அது வெடிக்கவும் கூடும். தயாரிப்பாளர் ஒற்றைப் பட் விற்றால் அதை வாங்குவதே புத்திசாலித்தனம். அதே மாடல், அதே தலைமுறை என்று பார்த்து வாங்குங்கள்.

இயர்பட் இன்னும் உத்தரவாதக் காலத்தில் இருந்தால் எதையும் திறக்காதீர்கள். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பொருளின் தரத்துக்கும், பழுதுபார்ப்பு, உதிரிப்பாகம் ஆகியவற்றுக்கும் உத்தரவாதம் தருகிறது. விற்றவர் மறுத்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் மனு செய்யலாம். ரசீதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெப்பத் தாளில் அச்சிட்டது சில மாதத்தில் மங்கிவிடும்.

கழற்றிய பழைய பேட்டரியின் இரு முனையிலும் தனித்தனியாக டேப் ஒட்டி, மூடியுள்ள தகர டப்பாவில் வைத்து மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். உப்பியிருந்தால் அழுத்தவோ குத்தவோ வேண்டாம், டப்பாவில் மணல் போட்டு வையுங்கள். வலது பக்க ஸ்பீக்கரின் ஓம் எண்ணும், 10 நிமிடத்துக்குப் பிந்திய வோல்ட் எண்ணும் கிடைத்ததும் இங்கே எழுதுங்கள். பேட்டரி உறையின் எண்ணையும் சேர்த்து எழுதினால் எந்த அளவு வாங்குவது என்று சொல்கிறேன்.